2,572 பேருக்கு ஓர் அரசாங்கம்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 105 கவுண்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான சேஸ் கவுண்டியின் பரப்பு சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2,572.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் நில ஆவணங்கள் இருக்கும் இடத்தைத்தான் கால் தேடும். சேஸ் கவுண்டியில் அந்த இடம் தலைநகரான காட்டன்வுட் ஃபால்ஸில், செங்கல் பாவிய பிராட்வே தெருவின் தென்கோடியில் இருக்கிறது. சிவப்புக் கூரை, கடிகாரக் கோபுரம், வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் சுவர். ஜான் ஹாஸ்கெல் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1873இல் கட்டி முடித்த நீதிமன்றம். கான்சாஸில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் கவுண்டி நீதிமன்றங்களில் இதுவே மிகப் பழையது. கல் அந்த வட்டாரத்திலேயே வெட்டியது. உள்ளே சுழன்று ஏறும் படிக்கட்டு, ஆற்றங்கரையில் வளர்ந்த வால்நட் மரத்தில் இழைத்தது. தேய்ந்து வழவழத்த அதன் கைப்பிடியைத் தொட்டபோது, வழக்குக்கும் வரிக்கும் பத்திரத்துக்குமாக ஏறி இறங்கிய தலைமுறைகளை நினைத்துக்கொண்டேன்.

பெயர்தான் நீதிமன்றம், உள்ளே நடப்பது கவுண்டியின் மொத்த நிர்வாகம். நம் மாவட்டத்துக்குக் கலெக்டரை அரசு நியமிக்கிறது. இங்கே மூன்று ஆணையர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சாலை, பாலம், வரவு செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எழுத்தர், பொருளாளர், ஷெரிஃப், அரசு வழக்கறிஞர் ஆகியோரும் தேர்தலில் வருகிறவர்கள். என்னை வியக்கவைத்தது, பத்திரங்களைப் பதியும் அதிகாரிகூட ஓட்டு வாங்கித்தான் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது. நான்காண்டுக்கு ஒருமுறை ஊரார் முன் போய் நிற்க வேண்டியவர், மனு கொடுக்க வந்தவரை அலட்சியமாகக் காக்கவைப்பது எளிதல்ல.

இவ்வளவு பெரிய நிலத்தில் ஏன் இவ்வளவு குறைவான மக்கள்? பதில் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஃபிளிண்ட் ஹில்ஸ் எனப்படும் இந்தக் குன்றுப் பகுதியில், சுண்ணாம்புப் பாறைக்குள் சக்கிமுக்கிக் கல் அடுக்கடுக்காகப் பொதிந்திருக்கிறது. மேலே இருப்பது மெல்லிய மண். குன்றுகளில் கொழு இறங்காது. ஆற்றுப் படுகையில் மட்டும் பயிர். மற்ற இடமெல்லாம் மாட்டு மேய்ச்சல். மேய்ச்சலுக்குப் பரந்த நிலம் வேண்டும், ஆள் அதிகம் வேண்டாம். வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடந்த உயர்புல்வெளியில் இன்று 4 சதவீதம்கூட மிச்சமில்லை. மிஞ்சியதில் பெரும்பகுதி தப்பிப் பிழைத்தது இந்தக் கல்லின் தயவால்தான். இளவேனிலில் பழைய புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். மரக்கன்றுகள் கருக, புல் மட்டும் வேரிலிருந்து தளிர்க்கிறது. 1996இல் இங்கே சுமார் 11,000 ஏக்கர் தேசியப் பாதுகாப்புப் பகுதியானது.

மக்கள் குறைவு என்பதற்காகப் பக்கத்துக் கவுண்டியோடு நிர்வாகத்தைச் சேர்த்துவிடவில்லை. கட்டடம் பழசு என்பதற்காகப் பூட்டிக் காட்சிப்பொருளாக்கவும் இல்லை. நம் ஊர்களிலும் நூறாண்டு கடந்த தாலுகா கச்சேரிகளும் பதிவு அலுவலகங்களும் இருக்கின்றன. ஒழுகும் கூரையைப் பழுது பார்த்து, அங்கேயே அலுவலகத்தைத் தொடர்ந்து நடத்துங்கள் என்று ஊராரே கேட்க வேண்டும். ஒரு பழைய கட்டடத்துக்கு அன்றாட வேலையைவிட நல்ல காவல் வேறில்லை.