கண்ணாடி மாளிகையைத் துலக்கும் கைகள்

"சுத்தம் சோறு போடும்" என்பது நம் முன்னோர் மொழி. வீட்டைப் பெருக்கவும் வகுப்பறையைத் துடைக்கவும் நமக்குச் சொல்லப்படும் அறிவுரை அது. ஆனால் சிலருக்கு இப்பழமொழி நேர்ப் பொருளிலேயே உண்மையாக இருக்கிறது. பிறர் இடத்தைச் சுத்தம் செய்தே தம் வீட்டில் உலை வைப்பவர்கள் அவர்கள். அத்தகைய தொழில்களுள் ஒன்றான, கண்ணாடி மாளிகையின் உட்புறத்தைத் துலக்கும் தொழிலைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். துடைப்பதில் என்ன படிப்பு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இதில் தாவரவியலும் வேதியியலும் இயற்பியலும் உண்டு. உயிருக்கு ஆபத்தும் உண்டு.

கண்ணாடி மாளிகை என்றால் என்ன?

குளிர் தாங்காத செடிகளை வளர்ப்பதற்காகக் கூரையும் சுவரும் கண்ணாடியால் ஆன கூடத்தை அமைப்பார்கள். அதுவே கண்ணாடி மாளிகை. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது. தரையையும் செடிகளையும் சூடாக்குகிறது. சூடான காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. நிறுத்தி வைத்த பேருந்தின் சன்னல்களை எல்லாம் மூடிவிட்டால் உள்ளே எப்படிப் புழுங்குகிறதோ, அதே கதைதான்.

நம் மாநிலத்தில் இதை உதகமண்டலத்தில் காணலாம். தொட்டபெட்டாச் சரிவில் உள்ள அரசுத் தாவரவியல் பூங்கா 1848இல் மெக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநரின் பொறுப்பில் உருவாகத் தொடங்கியது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் ஊர் அது. அங்குள்ள கண்ணாடி மாளிகையில் பூந்தொட்டிகள் அடுக்கடுக்காக இருப்பதைச் சுற்றுலா சென்றவர்கள் பார்த்திருப்பார்கள். பெங்களூர் லால்பாகில் உள்ள கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடப்பது அங்கேதான். இங்கிலாந்தில் கியூ தோட்டத்தில் உள்ள மிதவெப்ப மாளிகை இவற்றை எல்லாம்விட மிகப் பெரியது, 1863இல் திறக்கப்பட்டது.

தாம்பரத்தில் உறைபனி ஏது? இங்கே செடிகளுக்கு வேண்டியது சூடு அன்று, நிழலே. ஆகவே வண்டலூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் கண்ணாடிக்குப் பதில் பச்சை நிழல்வலை கட்டுகிறார்கள். ஆயினும் கண்ணாடிக் கூரை நம் பகுதிக்கும் வந்துவிட்டது. மீனம்பாக்கம் விமான நிலையத்தையும், பழைய மகாபலிபுரம் சாலையின் கம்பெனிக் கட்டடங்களையும் பாருங்கள். சேலையூர், குரோம்பேட்டை, நங்கநல்லூர் வீடுகளில்கூட, ஒரு காலத்தில் திறந்து கிடந்த முற்றத்தின் மேல் இன்று கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டுக் கீழே மணி பிளாண்ட் வளர்க்கிறார்கள். எனவே இத்தொழில் நமக்குத் தொலைவில் உள்ளது அன்று.

உட்புறம் ஏன் அழுக்காகிறது?

வெளிப்புறத்தை மழையாவது கழுவும். உட்புறத்தைக் கழுவ யாரும் இல்லை. செடிகள் இலைகள் வழியாக நீராவியை வெளிவிடுகின்றன. இரவில் குளிர்ந்த கண்ணாடியின் மேல் அது துளித்துளியாகப் படிகிறது. அந்த ஈரத்தில் தூசு ஒட்டுகிறது. தூசில் பச்சைப் பாசி வளர்கிறது. சட்டங்களின் இடுக்கில் சிலந்தி வலை கட்டுகிறது. மூலையில் குளவி கூடு வைக்கிறது. உதிர்ந்த இலைகளில் பூஞ்சணமும், தொட்டிகளின் அடியில் மாவுப்பூச்சியும் குடியேறுகின்றன.

இதனால் வரும் தீமை பார்வைக்கு மட்டும் அன்று. செடி உணவு சமைப்பது ஒளியைக் கொண்டே. ஒளி நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் விளைச்சலும் ஏறத்தாழ ஒரு பங்கு குறையும் என்பது ஹாலந்து நாட்டுக் கண்ணாடிப் பண்ணையாளர்களின் கைக்கணக்கு. அழுக்கடைந்த கண்ணாடியின் கீழ் வாழும் செடி அரைவயிற்றுச் சாப்பாட்டில் வாழ்கிறது எனலாம். ஆக, துணியும் வாளியுமாக வரும் தொழிலாளி ஒரு வகையில் செடிகளுக்குச் சோறு போடுகிறார்.

வேலையின் வரிசை

தேர்ந்த தொழிலாளி உடனே வாளியைத் தூக்குவதில்லை. முதலில் சுற்றிப் பார்க்கிறார். எந்தக் கண்ணாடியில் விரிசல், எந்தச் சட்டத்தில் துரு, எங்கே குளவிக்கூடு, எந்தத் தொட்டியின் பின்னால் தேள் அல்லது பாம்பு ஒளிய இடம் உண்டு என்று கவனிக்கிறார். மின்விளக்குகளையும் விசிறிகளையும் நிறுத்துகிறார். பிறகு எடுக்கக்கூடிய தொட்டிகளை வெளியே எடுத்து, எடுக்க முடியாதவற்றைத் துணியால் மூடுகிறார். கள்ளிச் செடிகளிடம் தனிக் கவனம் வேண்டும். அவற்றுள் சிலவற்றின் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். ஆகவே கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

அடுத்த விதி: மேலிருந்து கீழே. கூரையில் தொடங்கித் தரையில் முடிக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் துடைத்த தரையை மறுபடியும் துடைக்க நேரும். முதலில் ஒட்டடைக் கோலால் வலைகளையும் உலர்ந்த தூசையும் தட்டிவிட வேண்டும். தூசு இருக்கும்போதே நீர் ஊற்றினால் அது சேறாகும். அதில் உள்ள மணல் கண்ணாடியைக் கீறும். பின்னர் மெல்லிய சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் சட்டங்களையும் கண்ணாடியையும் தேய்க்க வேண்டும். உடனே ரப்பர் வைப்பரால் மேலிருந்து ஒரே சீராக இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் ரப்பரைத் துணியில் துடைத்துக்கொள்ள வேண்டும். பார்க்க எளிது; கோடு விழாமல் இழுக்கப் பழகுவதற்குப் பல நாள் பிடிக்கும்.

அதன்பின் காற்றுச் சன்னல்களின் கீல்களையும், நீர் வடியும் சிறு துளைகளையும் சுத்தம் செய்ய வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் நீர் தேங்கிச் சட்டம் துருப்பிடிக்கும். கடைசியாகத் தரைப் பாசியைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, அகன்ற இலைகளை ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, தொட்டிகளைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். இடம் மாறினால் ஒளி மாறும். சில செடிகள் அதைத் தாங்கா.

தண்ணீரும் மருந்தும்

தென்சென்னைப் புறநகரில் இத்தொழிலுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. அது நம் ஆழ்குழாய்த் தண்ணீர். பல இடங்களில் அது கடினநீர். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருப்பதால், கண்ணாடியில் பட்டு உலர்ந்ததும் வெள்ளைப் புள்ளிகளை விட்டுச் செல்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம்தான். நீர்த்த வினிகரோ எலுமிச்சைச் சாறோ அதைக் கரைக்கும். அமிலம் கார்பனேட்டைக் கரைத்துக் கரியமில வாயுவை வெளியேற்றும் என்று வேதியியல் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? அதுவே இங்கு நடக்கிறது. ஆனால் சலவைக்கல்லும் அதே கார்பனேட்டால் ஆனதே. கண்ணாடிக்கு மருந்தானது சலவைக்கல் தரைக்கு நஞ்சாகும். எனவே கீழே சொட்டாமல் பார்த்து, உடனே நல்ல நீரால் கழுவிவிட வேண்டும்.

இதைவிடச் சிறந்த வழி, முதலிலேயே மென்னீரைப் பயன்படுத்துவது. மழைநீரைவிட மென்மையான நீர் வேறு ஏது? 2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஐப்பசி மழையில் நான்கு டிரம் நீர் பிடித்து மூடி வைத்தால், கண்ணாடி துடைக்க அதுவே அருமருந்து.

பாலிகார்பனேட் கண்ணாடி போலத் தெரிந்தாலும் அது பிளாஸ்டிக்கே. அம்மோனியா கலந்த கண்ணாடி மருந்து அதைக் கெடுக்கும். நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். மெல்லிய சோப்பு நீரும் பருத்தித் துணியும் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாசி போக வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரையும், கறை போக வேண்டும் என்று ஆசிட்டையும் சிலர் ஒன்றாகக் கலக்கிறார்கள். கலந்த உடனே குளோரின் என்னும் நச்சு வாயு எழும். மூடிய கண்ணாடிக் கூடத்தில் அது நுரையீரலைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். நம் வீட்டுக் குளியலறைக்கும் இதே விதி பொருந்தும். தாய்மார்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

வெப்பமும் உயரமும்

சித்திரை வெயிலில் வெளியே நிற்பதே கடினம். கண்ணாடிக் கூரையின் கீழ் அதைவிடச் சூடு. எனவே வேலையை விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். இது தொழிலாளிக்கு மட்டும் அன்று, வேலைக்கும் நல்லது. சுட்ட கண்ணாடியில் சோப்பு நீர் உடனே உலர்ந்து திட்டுத் திட்டாகும். குளிர்ந்த நீர் பட்டால் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடவும் கூடும்.

ஏணியைச் சாய்ப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு அடி உயரத்திற்கு ஓர் அடி வீதம் அடியைத் தள்ளி வைக்க வேண்டும். பன்னிரண்டு அடி உயரத்தில் சாய்த்தால் மூன்றடி. ஏணியைக் கண்ணாடியின் மேல் சாய்க்கலாகாது; உறுதியான சட்டத்தின் மேல்தான் சாய்க்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னும் உயரமானால் சாரமும் இடுப்பையும் தோளையும் சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். கூரையின் மேலேறிக் கால் வைப்பது கூடவே கூடாது. பல ஆண்டு வெயிலில் காய்ந்த தகடு எப்போது உடையும் என்று யாரும் சொல்ல இயலாது.

இவை எல்லாம் தொழிலாளிக்குத் தெரியாதவை அல்ல. "ஒருத்தரே போதும், இரண்டு பேருக்குக் கூலி எதற்கு?" என்று நாம் கேட்கும்போதுதான் ஏணி பிடிக்க ஆள் இல்லாமல் போகிறது. "மத்தியானம் வாருங்கள், அப்போதுதான் எங்களுக்கு ஒழிவு" என்று சொல்லும்போதுதான் அவர் வெயிலில் வாடுகிறார். கழிவறைக்குச் செல்ல அனுமதி கேட்கக் கூசி, நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்யும் பெண்களும் உண்டு. நாம் மிச்சப்படுத்தும் நூறு ரூபாயின் விலை, அவருடைய முதுகெலும்பாக இருக்கலாம்.

பெருமைக்குரிய தொழில்

கியூ தோட்டத்து மிதவெப்ப மாளிகையை 2013இல் மூடிப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். சுமார் 69,000 உறுப்புகளைக் கழற்றியும் துலக்கியும் செப்பனிட்டும் 15,000 கண்ணாடிகளைப் புதிதாகப் பொருத்தினார்கள். 2018இல்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டுக்கால உழைப்பு! துலக்குதல் ஒரு கலை என்றும், அதற்குப் பயிற்சியும் காலமும் கருவியும் தக்க ஊதியமும் வேண்டும் என்றும் உணர்ந்தவர்கள் செய்த பணி அது. அதே கியூ தோட்டத்தின் துணையோடு, நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பூரில் ஒரு தாவரவியல் பூங்கா அமைக்கத் தமிழக அரசு திட்டம் அறிவித்திருக்கிறது. அது உருவாகும் நாளில் செடி அறிந்த, கண்ணாடி அறிந்த, மருந்து அறிந்த பணியாளர்கள் பலர் தேவைப்படுவார்கள். நம் பள்ளி மாணவியருள் சிலர் அங்கே தாவரவியல் அறிஞராகலாம். சிலர் பராமரிப்புக் குழுவை நடத்தும் தலைவியாகலாம். இரண்டும் கல்வி வேண்டும் பணிகளே.

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955ஆம் ஆண்டில் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். இயேசு பாலகன் வளர்ந்தது மரத்தூள் பறக்கும் ஒரு தச்சர் வீட்டில் என்பதைத் திருச்சபை நமக்கு நினைவூட்டும் நாள் அது. அந்த வீட்டை நேசிக்கும் நாம், துணியும் வாளியுமாக நம் வாசலுக்கு வருபவரை ஒருமையில் அழைக்கலாமா?

ஆகவே, மாணவியரே, உதகைக்குச் சுற்றுலா செல்லும்போது கண்ணாடியில் கை பதிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கண்ணாடிக் கூரையைத் துடைக்க ஆள் வரும் நாளில், ஏணி பிடிக்க இன்னொருவர் இருக்கிறாரா என்று பெற்றோரைக் கேளுங்கள். வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். கழிவறை எங்கே என்று அவர் கேட்கும் முன்பே காட்டுங்கள். "அக்கா", "அண்ணா" என்று அழைத்து அவர் பெயரைக் கேட்டறியுங்கள். பேசிய கூலியை அன்றே கொடுக்கச் சொல்லுங்கள்.