ஆசிரியரும் வடிகட்டி செய்து பார்க்கட்டும்

பொறியியல் என்றதும் பெரிய பாலமும் அணைக்கட்டுமே எம்மிற் பலருக்கு நினைவில் வரும். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்கு அது எதற்கு என்று கேட்கவும் தோன்றும். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலம் 2001இல் பொறியியலையும் பாடசாலைக் கல்வியிற் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதைக் கற்பிக்க வேண்டிய வகுப்பாசிரியர்களோ பொறியியல் படித்தவர்கள் அல்லர்.

2003இல் பொஸ்ரன் விஞ்ஞான நூதனசாலையில், கிறிஸ்ரின் கனிங்காம் அம்மையார் ஆரம்ப வகுப்புகளுக்கென ஒரு திட்டத்தைத் தொடக்கினார். அதன் ஆசிரியர் பயிற்சியே எம்மைக் கவர்ந்தது. அங்கே ஆசிரியர்கள் முதலில் மாணவராக அமர்ந்து, பாடத்தைத் தாமே செய்து பார்க்கிறார்கள்.

நீர் வடிகட்டிப் பாடத்தைப் பார்ப்போம். தன் ஆமைக்கு நல்ல நீர் தேடும் சலிலா என்ற இந்தியச் சிறுமியின் கதையோடு அது தொடங்குகிறது. கேள், கற்பனை செய், திட்டமிடு, ஆக்கு, திருத்து என ஐந்து படிகள். பரலை மட்டும் போட்டால் நீர் விரைவாக இறங்கும், கலங்கல் போகாது. நுண்மணலை நிரப்பினால் தெளியும். ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். இரண்டுக்கும் நடுவே வழி தேடுவதுதான் வடிவமைப்பு. முதல் வடிகட்டி சரிவராவிட்டால் ஆசிரியர் விடையைச் சொல்லிவிடக் கூடாது. "ஏன் அப்படி வந்தது? எதை மாற்றப் போகிறாய்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். பிழைக்குச் சிவப்பு மையால் கோடிட்டுப் பழகிய எமது ஆசிரியர்களுக்கு இதுவே கடினமான பகுதி என்று நினைக்கிறோம்.

மடை உடைந்தால் எங்கே நீர் அரித்தது என்று பார்த்து, மறுபடி கட்டிய விவசாயிகள் நீங்கள். காணியை விட்டு வந்தாலும் அந்த அறிவு உங்களோடுதான் வந்திருக்கிறது. அதை உங்கள் பிள்ளையின் வகுப்பிலே வந்து சொல்ல அழைக்குமாறு ஆசிரியரைக் கேளுங்கள். அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல், பழந்துணி, பரல், கழுவிய மணல், சிரட்டைக்கரி ஆகியன போதும். கொட்டிலிலும் இந்தப் பாடத்தை நடத்தலாம்.

ஒன்றைமட்டும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இப்படி வடித்த நீர் கண்ணாடிபோல் தெரிந்தாலும் அதிற் கிருமி இருக்கும். கொதிக்க வைத்து ஆறவிடாமல் ஒரு மிடறும் குடிக்கக் கூடாது.