கொலைகாரன் யார்?

மல்லசமுத்திரத்தை அடுத்த திருச்செங்கோட்டில் பிறந்தவர் டி.ஆர்.சுந்தரம். 1935-ல் அவர் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், பிறகு "வல்லவன் ஒருவன்" (1966), "சி.ஐ.டி. சங்கர்" (1970) என்று துப்பறியும் படங்களைத் தந்தது. ஜெய்சங்கர் வந்தால் ஜெயம்தான், பயமின்றிப் பார்க்கலாம்.

2018-ல் வந்த "ராட்சசன்" அப்படியல்ல! டைரக்டர் ராம்குமார்.

சினிமா டைரக்டராக ஆசைப்பட்ட வாலிபன் அருண் (விஷ்ணு விஷால்), குடும்பத்துக்காக சப்-இன்ஸ்பெக்டர் ஆகிறான். பள்ளி மாணவிகள் ஒருவர் பின் ஒருவராகக் கடத்திக் கொல்லப்படுகிறார்கள். பரிசுப் பெட்டியில் சிதைந்த பொம்மைத் தலை! கதை எழுத அவன் வெட்டி வைத்திருந்த கொலைச் செய்திகளே துப்புக் கொடுக்கின்றன. பெண் மேலதிகாரி காதில் வாங்கவில்லை.

ஒரு கட்டத்தில் அவன் அக்காள் மகளையே காணோம்!

பெற்றவர்களுக்கு நெஞ்சு பதறும் இடம் இதுதான். கொலைகாரன் பெயரை இங்கே சொல்லமாட்டோம். குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.