குழந்தை ‘கக்கா’ போக அடம் பிடிக்குதா? அடிக்காதீங்க!

வேலைக்கு கிளம்பும் அவசரத்தில், ஜட்டியிலேயே ‘கக்கா’ போன குழந்தைக்கு முதுகில் ரெண்டு வைப்பது பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் அடிக்கு பயந்த குழந்தை மறுநாள் அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்க மலம் இறுகும், போகும்போது வலிக்கும். வலிக்கு பயந்து மறுபடியும் அடக்கும்.

2 வயதையொட்டி குழந்தையே சைகை காட்டும்போது பழக்கினால் போதும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் 5 நிமிடம் உட்கார வையுங்க. கால் தரையில் பதியணும். போனால் பாராட்டுங்க, வரலைன்னா விட்டுடுங்க. தண்ணீர், பழம், கீரை நிறைய கொடுங்க. மலத்தில் ரத்தம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்க.

பல் தேய்ப்பதிலும் மிரட்டல் வேண்டாம். நீங்க தேய்ப்பதை பார்த்தே குழந்தை பழகும். 3 வயது வரை அரிசி அளவு பேஸ்ட் போதும். ராத்திரி பால் குடித்ததும் தேய்த்துவிட்டு தூங்க வையுங்க. இல்லாவிட்டால் பால் பல்லும் சொத்தையாகிவிடும்.