அந்தத் துண்டை மட்டும் எடுத்துடலாமா?

அரசியல் கார்ட்டூன் ஒரு நாள் சரக்கு. காலையில் பேப்பர் படித்து, மத்தியானம் பென்சிலில் கிறுக்கி, பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட வேண்டும். மறுநாள் அதே தாளில் டீக்கடைக்காரர் வடையை மடித்துக் கொடுப்பார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் படத்தின் மீது ஒரு வழக்கு விழுந்துவிட்டால், அந்த வழக்குக்கு ஆயுசு கெட்டி. ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, மம்தா பானர்ஜியைக் கிண்டல் செய்யும் ஒரு படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக 2012 ஏப்ரலில் கைதானார். அவர் அதை வரையக்கூட இல்லை. அவர் மீது போட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே 2015-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. பிரிவு செத்த பிறகும் வழக்கு நடந்தது. மனிதர் விடுபட்டது 2023 ஜனவரியில்.

எனக்குப் படம் கற்றுக்கொடுத்தது சிவகாசி முத்து காமிக்ஸ். 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்த வரிசை. எனக்குக் கிடைத்ததெல்லாம் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரதிகள். மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். ஆள் இல்லாவிட்டாலும் கையைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடலாம். அரசியல் கார்ட்டூனின் பாதி இலக்கணம் அதுதான். முகத்தை அச்சு அசலாக வரைய வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் என்றால் எம்.ஜி.ஆர்.; கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டும் என்றால் கலைஞர். மீதியை வாசகரே வரைந்துகொள்வார். நாலு கட்டத்தில் ஒரு சிறு கதையாகப் போடும்போது இன்னொரு பழக்கம் உண்டு எனக்கு: மூன்றாவது கட்டத்தில் பேச்சே வைப்பதில்லை. தலைவர் ஒரு கணம் வாயடைத்து நிற்க வேண்டும். அப்போதுதான் நாலாவதில் அவர் உளறுவது உறைக்கும்.

இப்படி வரைந்து அனுப்பினால் சில சாயங்காலங்களில் போன் வரும். “அண்ணே, படம் பிரமாதம். அந்தத் துண்டை மட்டும் எடுத்துடலாமா?” எந்தக் கட்சித் துண்டு என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சித் துண்டுக்கும் இந்தப் போன் வந்திருக்கிறது. துண்டை எடுத்துவிட்டால் அங்கே நிற்பது யாரோ ஒரு தொப்பைக்காரர். கேட்கிற ஆசிரியர் கோழை இல்லை. ஏதோ ஒரு ஊர் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக நிற்கப்போவது அவர்தானே. ஆனால் துண்டை எடுத்தால் தப்பிக்கலாம் என்கிற அவருடைய கணக்குதான் எனக்குப் புரிவதில்லை.

1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இரண்டு பேர். ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்பது சாரம். பெயர் கிடையாது, கட்சி கிடையாது, துண்டும் கிடையாது. இருந்தும் சட்டமன்றத்தின் உரிமை மீறப்பட்டதாக முடிவாயிற்று. பி.எச்.பாண்டியன் சபாநாயகர். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அவரோ விடாமல் உயர் நீதிமன்றம் போனார். கைது தவறு என்று 1994-ல் தீர்ப்பு வந்தது, இழப்பீடு ஆயிரம் ரூபாய். அதை அவர் ஃபிரேம் போட்டு மாட்டிவைத்தார்.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். 1975 டிசம்பர், நெருக்கடி நிலை, தணிக்கை அதிகாரிகள் கத்தரியோடு உட்கார்ந்திருந்த காலம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் தன் ‘சங்கர்ஸ் வீக்லி’யை அந்த ஆகஸ்டிலேயே மூடிவிட்டார். இந்தியன் எக்ஸ்பிரஸில் அபு ஆப்ரகாம், குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் படுத்தபடி அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுவதாக வரைந்தார். எந்த மறைப்பும் இல்லை, ஆள் அப்பட்டமாகத் தெரிந்தார். அந்தப் படம் வெளிவந்தது. ஆபத்து இருப்பது நாங்கள் போடும் கோட்டில் இல்லை, நாற்காலியில் இருப்பவரின் அன்றைய மனநிலையில். அதைக் கணித்து யாரால் வரைய முடியும்?

2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே குழந்தைகளோடு நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் தீக்கு இரையானது. கார்ட்டூனிஸ்ட் பாலா, எரியும் குழந்தையின் முன்னே முதலமைச்சரும் கலெக்டரும் போலீஸ் கமிஷனரும் நிர்வாணமாக நின்று நோட்டுக்கட்டால் மறைத்துக்கொள்வதாக வரைந்தார். நானாக இருந்தால் அப்படி வரைந்திருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் நியாயமானது. நவம்பரில் கைது, மறுநாள் ஜாமீன். 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கையே ரத்து செய்தது.

இதில் வாசகர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அவதூறு குற்றம்தான், அந்தச் சட்டம் செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு 356-ம் பிரிவு. ஆனால் அவதூறுக்காக மட்டும் போலீஸ் வாரண்ட் இல்லாமல் யாரையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. புகார் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். அதனால்தான் கூடவே இன்னொரு பிரிவு ஒட்டிக்கொண்டு வரும். பாலா வழக்கில் வந்தது ஆபாசம் பற்றிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67. எங்கேனும் ஒரு கார்ட்டூனிஸ்ட் கைது என்று செய்தி பார்த்தால், அந்த இரண்டாவது பிரிவு எது என்று பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கும்.

2025 பிப்ரவரியில் விலங்கு பூட்டிய பிரதமரை ட்ரம்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்த ஒரு படத்துக்காக விகடன் இணையதளமே முடங்கியது. அதை நீக்கிவைத்த பிறகு தளத்தைத் திறக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். ஒரு படத்துக்காக ஒரு பத்திரிகையின் மொத்தக் கடையையும் பூட்டுவது எந்த ஊர் நியாயம்?

எங்கள் கூட்டமும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. நிறத்தையும் உடம்பையும் சாதியையும் வைத்துச் சிரிக்க வைத்த படங்கள் தமிழில் ஏராளம். 1949-ல் சங்கர் வரைந்த, நத்தை மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்க நேரு சாட்டையோடு நிற்கும் படம், 2012-ல் பாடப்புத்தகத்தில் இருப்பதைக் கண்டித்துத் தொல்.திருமாவளவன் நாடாளுமன்றத்தில் பேசினார். அரசியல் சாசன வேலை மெதுவாக நடக்கிறது என்பதுதான் சங்கர் சொன்னது. ஆனால் சாட்டை என்றால் என்னவென்று முதுகால் அறிந்தவர்களுக்கு அது வேறு படம். அவர்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். படத்தை நீக்குவதைவிட, அந்தக் கோபத்தையும் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

வாசகர்களிடமும் அதையேதான் கேட்கிறேன். படம் பிடிக்கவில்லையென்றால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். திட்டியே எழுதலாம், பெயரும் ஊரும் போட்டு எழுதுங்கள்.