அஞ்சலி மேடையில் அரசியல்

2006ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்கு அண்மையிலுள்ள லித்தோனியா என்னும் ஊரில், நியூ பர்த் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தின் விசாலமான மண்டபத்திலே, கொரெட்டா ஸ்காட் கிங் அம்மையாரின் அந்திமக் கிரியை நடைபெற்றது. மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவியாரான அவருக்கு மரியாதை செலுத்துவதற்கு, அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷும், அவருக்கு முன் அப்பதவியை வகித்தவர்களான அவருடைய தந்தையாரும், பில் கிளிண்டனும், ஜிம்மி கார்ட்டரும் வந்து மேடையில் அமர்ந்திருந்தார்கள். சுமார் 10,000 பேர் கூடியிருந்த அந்த மண்டபத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் துதியும் கீதமும் பிரசங்கமுமாக நிகழ்ந்த வைபவத்தில், பிற்பாடு தேசம் முழுவதும் சர்ச்சைக்குள்ளானவை இரண்டு பேச்சுகளே.

முதலாவது, 84 வயதான ஜோசப் லவரி பாதிரியாருடையது. 1957ஆம் ஆண்டில் கிங்கோடு சேர்ந்து தெற்கத்திய கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்னும் இயக்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர் அவர். இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் ஒன்றுமில்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதென்றும், மக்களைத் திசைதிருப்பும் ஆயுதங்களோ உள்நாட்டிலேயே இருக்கின்றன என்பது கொரெட்டாவுக்கு முன்னமே தெரியுமென்றும், யுத்தத்துக்குக் கோடி கோடியாகப் பணம் கிடைக்கையில் ஏழைக்கு மட்டும் கிடைப்பதில்லையென்றும், அவருக்கே உரிய எதுகை நடையில், யுத்தத்தைத் தொடங்கிய ஜனாதிபதி சில அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கையிலேயே அவர் சொன்னபோது, சபையினர் எழுந்து நின்று நெடுநேரம் கரகோஷம் செய்தார்கள். மற்றது கார்ட்டருடையது. கிங் தம்பதிகளை அரசாங்கம் ரகசியமாக ஒட்டுக்கேட்டு அவர்களுடைய சுதந்திரத்தைப் பறித்ததை அவர் நினைவூட்டினார். நீதிமன்றத்தின் உத்தரவு பெறாமல் ஒட்டுக்கேட்க புஷ் அனுமதித்திருந்த செய்தி டிசம்பரில் வெளியாகி, அதைப் பற்றிய செனட் விசாரணை அதற்கு முதல் நாள்தான் நடந்திருந்தபடியால், குறிப்பு யாருக்கென்று ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறு நாள் முதற்கொண்டு கண்டனங்கள் எழுந்தன. துக்க வீட்டில் விவகாரம் பேசலாகாது என்பது நாகரிகமுள்ள எந்த ஜாதிக்கும் பொதுவான சம்பிரதாயமென்றும், அஞ்சலி செலுத்த வந்த விருந்தினரை, எழுந்து மறுமொழி சொல்ல இயலாத ஸ்தானத்தில் வைத்து நிந்திப்பது கோழைத்தனமென்றும், இறந்தவரின் சாந்தத்துக்கே அது இழுக்கென்றும் பலர் சொன்னார்கள். இந்த ஆட்சேபத்தை அற்பமென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதிலும் இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு; புஷ் தம்முடைய முறை வந்தபோது அம்மையாரை மனமாரப் புகழ்ந்துவிட்டு அமர்ந்தவர், பின்னால் வந்தவர்களுக்குப் பதில் சொல்ல அவருக்கு வேளையுமில்லை, வழியுமில்லை. ஆயினும், ஒருவர் தம் ஆயுட்காலமெல்லாம் எந்த வழக்கை நடத்தினாரோ அந்த வழக்கை அவருடைய சவப்பெட்டியின் அருகில் நின்று தொடர்ந்து நடத்த அவருடைய தோழர்களுக்கு உரிமை உண்டு என்றும், தமக்கென்று வேறொரு வழக்கை அங்கே கொண்டுவந்து நிறுத்தத்தான் எவருக்கும் உரிமை இல்லையென்றும் நான் கருதுகிறேன்.

கறுப்பின மக்களின் சரித்திரத்தைச் சிறிது அறிந்தவர்களுக்கு இந்த உரிமை எங்கிருந்து வந்ததென்பது விளங்கும். அடிமைகளாயிருந்த காலத்தில், அதிலும் 1831ஆம் ஆண்டு நாட் டர்னரின் கலகத்துக்குப் பிறகு, வெள்ளையர் ஒருவர் பார்த்துக்கொண்டிராமல் அவர்கள் கூடுவதும், தங்களுக்குள் ஒருவர் பிரசங்கிப்பதும் தெற்கு மாநிலங்களில் சட்டத்தால் தடுக்கப்பட்டன. விடுதலைக்குப் பின்னும், சொந்தமென்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு மிஞ்சியிருந்த பெரிய ஸ்தாபனம் தேவாலயம் ஒன்றே. ஆகையால் ஜனனமும் விவாகமும் மரணமும் மட்டுமின்றி, அநீதியைப் பற்றிய முறையீடும் அங்கேதான் நடந்தாக வேண்டியிருந்தது. 1955ஆம் ஆண்டு மிசிசிப்பியில் வெள்ளையரால் சித்திரவதை செய்து கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் உடல் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தபோது, அவனுடைய தாயார் மேமி, உருத்தெரியாமல் சிதைந்திருந்த அந்த முகத்தை ஒப்பனை செய்து மறைக்காமல், சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்துச் சென்றார்கள். ஜெட் பத்திரிகை படம் வெளியிட்டது. அந்தத் தாயார் ஒரு மேடைப் பேச்சும் பேசாமலே செய்த அரசியல் கண்டனத்துக்கு ஈடாக அந்தத் தலைமுறையில் வேறொன்றைச் சொல்வது கடினம்.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், பர்மிங்ஹாம் நகரத்துத் தேவாலயத்தில் வெடிகுண்டுக்குப் பலியான நான்கு சிறுமிகளுள் மூவரின் அடக்கத்தில் பேசிய மார்ட்டின் லூதர் கிங், கொலைகாரரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. துவேஷத்தை ஊட்டி வாக்குச் சேர்க்கும் அரசியல்வாதிகளையும், வர்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பின்னால் பத்திரமாக மௌனம் சாதித்த பாதிரிமார்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். 1968 ஏப்ரல் 9ஆம் தேதி, எபனேசர் தேவாலயத்தில் அவருடைய சொந்த அடக்கமே நடந்தபோது, கொரெட்டாவின் விருப்பப்படி, இரண்டு மாதங்களுக்கு முன் அவர் அதே ஆலயத்தில் செய்த பிரசங்கத்தின் ஒலிப்பதிவு ஒலிபரப்பப்பட்டது. தாம் இறந்தால் நோபல் பரிசைப் பற்றிப் பேச வேண்டாமென்றும், பசித்தவருக்குச் சோறிட முயன்றதையும், யுத்த விஷயத்தில் சரியான பக்கம் நிற்க முயன்றதையும் சொன்னால் போதுமென்றும் அதில் அவர் கேட்டிருந்தார். வியட்நாம் யுத்தத்தை நடத்திக்கொண்டிருந்த அரசாங்கத்தின் உபஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ஃப்ரி அப்போது அந்த ஆலயத்திலேதான் இருந்தார். அன்று விமர்சனத்தைச் செய்தவர் இறந்தவரே. அதைக் கேட்கச் செய்தவர் கைம்பெண்ணாகியிருந்த மனைவி.

லவரியைக் குறை கூறியவர்கள் கொரெட்டாவைச் சாந்தமே உருவான விதவை என்று மட்டும் நினைத்துக்கொண்டார்கள் போலும். கணவர் சுடப்பட்ட நான்காம் நாள், அவரை இன்னும் அடக்கம் செய்யாத நிலையில், மெம்பிஸ் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்களின் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கி நடந்தவர் அவர். யுத்த எதிர்ப்பு மேடைகளில் கணவருக்கு முன்பே ஏறியவர். தென் ஆப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்து 1985இல் அந்நாட்டுத் தூதரகத்தின் முன் கைதானவர். இராக் யுத்தத்தையும் எதிர்த்தவர். 1959ஆம் ஆண்டு காந்தியடிகளின் வழியை நேரில் கற்றறிய வேண்டுமென்று கணவரோடு இந்தியாவுக்கு வந்து, கன்னியாகுமரி வரையிலும் பிரயாணம் செய்து, அங்கே ஒரே மாலையில் சூரியன் அஸ்தமிப்பதையும் சந்திரன் உதிப்பதையும் கண்டு சென்ற இந்த அம்மையாருக்கு, அகிம்சை என்பது ஒருநாளும் வாய்மூடி இருத்தலாக இருந்ததில்லை. யுத்தத்தையும் வறுமையையும் விட்டுவிட்டு அவரைப் புகழ்வதென்றால், மிஞ்சுவது அவருடைய பொறுமையும் உடையழகுமே.

அரசாங்கங்கள் காலந்தாழ்த்தித் தரும் கௌரவத்தையும் இங்கே கணக்கில் எடுக்கவேண்டும். 1968இல் கிங்குக்கு மாநில மரியாதை எதையும் தர மறுத்து, இறுதிச் சடங்குக்கும் வராதிருந்தவர் ஜார்ஜியா கவர்னர் லெஸ்டர் மாடக்ஸ். 2006இல் அதே மாநிலத்தின் தலைமைச் செயலக மண்டபத்தில் கொரெட்டாவின் உடல் பொதுமக்கள் தரிசனத்துக்கு வைக்கப்பட்டது. பெண்களிலும் கறுப்பினத்தவரிலும் அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல்வர் அவரே. மாற்றம் மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால், உயிரோடிருந்தவரின் கோரிக்கைகளைக் கேளாதிருந்துவிட்டு, உயிர் போனபின் அவருடைய புண்ணியத்தில் பங்கு கொள்ள வரும் அதிகாரம், அந்தக் கோரிக்கைகளை ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்டுப் போகட்டுமே. கார்ட்டரின் பேச்சும் இந்த வகையிலே நியாயமாகிறது. ஒட்டுக்கேட்பு கொரெட்டாவின் சொந்த வீட்டில் நடந்த கொடுமை. (அதற்கு 1963இல் கையெழுத்திட்டவர் கார்ட்டருடைய கட்சியைச் சேர்ந்த ராபர்ட் கென்னடி என்பதையும் அவர் சொல்லியிருந்தால் பேச்சு இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.)

எல்லை மீறிய உதாரணமும் அதே தேசத்தில் இருக்கிறது. 2002 அக்டோபர் 25ஆம் தேதி மினசோட்டா செனட்டர் பால் வெல்ஸ்டனும் அவர் மனைவியும் மகளும் விமான விபத்தில் மாண்டபோது, தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. நான்கு நாட்களுக்குப் பின் மினியாபொலிஸ் நகரில் கூடிய சுமார் 20,000 பேர், எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரின் முகம் திரையில் தோன்றியபோது கேலிக் கூச்சலிட்டார்கள். மறைந்தவரின் நண்பரொருவர் பேசுகையில், இந்தத் தேர்தலை வென்று தரவேண்டுமென்று கேட்டதோடு, வந்திருந்த எதிர்க்கட்சி நண்பர்களையும் பெயர் சொல்லி உதவிக்கு அழைத்தார். கவர்னர் ஜெஸ்ஸி வென்ச்சுரா எழுந்து வெளியே போய்விட்டார். இழவு வீட்டில் வாரிசுகளிடம் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதற்கு ஒப்பான காரியம் அது; நண்பரின் துக்கம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை, எனினும் கேட்டது வாக்கு. வெல்ஸ்டனுக்குப் பதிலாக நின்ற வால்டர் மாண்டேல் சொற்ப வித்தியாசத்தில் தோற்றபோது, அந்தக் கூட்டத்தையே பலர் காரணமாகக் கூறினார்கள்.

மௌனத்தைக் கோருவோர் எல்லோரும் மரியாதையைக் கருதித்தான் கோருகிறார்கள் என்றும் சொல்வதற்கில்லை. தென் ஆப்பிரிக்காவில் நெருக்கடி நிலை பிரகடனமாகிச் சில நாட்களில், 1985 ஜூலை 31ஆம் தேதி, அடக்கச் சடங்குகளைத் திறந்தவெளியில் நடத்தக்கூடாது, கொடி பிடிக்கக்கூடாது, குருப்பட்டம் பெற்ற பாதிரியாரைத் தவிர வேறு யாரும் பேசக்கூடாது, பேசுபவரும் அரசியலைத் தொடக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவிட்டது. பொதுக்கூட்டங்கள் தடுக்கப்பட்டிருந்த அந்நாட்டில் இடுகாடு ஒன்றே மக்கள் வாய்திறக்கும் இடமாக எஞ்சியிருந்தது. 2017இல், அதே தேசத்தின் விடுதலைப் போராளி அகமது கத்ரடாவின் அடக்கத்தில், முன்னாள் ஜனாதிபதி காலெமா மொட்லாந்தே, ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவைப் பதவி விலகும்படி கத்ரடா முந்தின ஆண்டு எழுதியிருந்த கடிதத்தையே வாசித்தார். இறந்தவரின் வாக்கு என்பதால் அதற்கு மறுப்பில்லை. ஆனால் ஜூமா அங்கே இல்லை; குடும்பத்தார் அவர் வராதிருப்பதை விரும்பினார்கள்.

கிங் குடும்பத்தார் ஜனாதிபதியை அழைத்திருந்தார்கள். வந்தவரும் லவரி பேசி முடித்ததும் எழுந்து அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினார். அவருடைய தந்தையாரோ, தாம் ஜனாதிபதியாயிருந்தபோது லவரியோடு வாதாடித் தோற்ற கதையைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு வந்த கோபம் அந்த மேடையில் இருந்தவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. அன்றைய தினத்து மரியாதைக் குறைவு வேறொன்று என்பது என் அபிப்பிராயம். போராட்ட காலமெல்லாம் கிங் குடும்பத்துக்குப் பொருளுதவி செய்து, குடும்பத்தில் ஒருவராகவே இருந்த பாடகர் ஹாரி பெலஃபாண்டே, முந்தின மாதம் புஷ்ஷைக் கடுமையான வார்த்தைகளால் தாக்கியிருந்தார். அஞ்சலியில் பேசும்படி தம்மை முதலில் அழைத்திருந்தார்களென்றும், ஜனாதிபதி வருவதாக ஏற்பட்டதும் அந்த அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்களென்றும் அவர் பிற்காலத்தில் மனம் நொந்து கூறினார். 1968இல் கிங்கின் அடக்கத்தின்போது கொரெட்டாவின் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் அவர்.