நாலுகால் பாய்ச்சலின் உண்மை

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘எப்சம் டெர்பி’ ஓவியத்தைத் தெயோதோர் ஜெரிக்கோ 1821இல் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது தீட்டினார். கருமேகம் கவிந்த வானத்தின் கீழ் நான்கு குதிரைகள் பாய்கின்றன. முன்னங்கால்கள் முன்னேயும் பின்னங்கால்கள் பின்னேயும் நீண்டிருக்கின்றன; ஒரு குளம்புகூடத் தரையில் இல்லை. பார்ப்பவரையும் இழுத்துச் செல்லும் வேகம் அது. ஆனால் எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை.

பந்தயக் குதிரை ஒரு நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் பாய்ச்சல் எடுக்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான்கு குளம்புகளும் அடுத்தடுத்துத் தரையைத் தொடுகின்றன. அவற்றைப் பிரித்தறிய நம் கண்ணால் முடியாது. பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ழூல் மாரே, குளம்பின் அடியில் காற்று நிறைந்த ரப்பர்ப் பைகளைப் பொருத்தி, ஒவ்வொன்றும் தரையில் அழுந்தும் நேரத்தைப் பதிவுசெய்தார். 1873இல் அவர் வெளியிட்ட நூல் அமெரிக்காவரை பேசப்பட்டது. 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடுதளத்தின் ஓரமாகப் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து, சாலி கார்ட்னர் என்ற பெண் குதிரையின் ஓட்டத்தைப் படமெடுத்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. ஆனால் அப்போது கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கிக் குவிந்திருந்தன!

அந்த ஆண்டு டிசம்பரிலேயே பாரிஸின் ‘லா நத்யூர்’ இதழ் படங்களை வெளியிட்டது. ஓவியர்கள் திகைத்தார்கள். அவர்களில் ஒருவரான மெசொனியே, குதிரையின் கால்களைக் கூர்ந்து பார்ப்பதற்காகவே தன் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு, வண்டியில் அமர்ந்து குதிரையோடு இணையாகச் சென்றவர். அவரே 1881இல் மைபிரிட்ஜைத் தன் வீட்டுக்கு அழைத்து, கலைஞர்கள் கூடியிருந்த சபையில் படங்களைக் காட்டச் செய்தார். அந்தப் பெருந்தன்மை வணங்கத்தக்கது.

ஓவியர் மானே இந்தச் சிக்கலில் மாட்டவே இல்லை. 1857இல் திறக்கப்பட்ட லோன்ஷான் பந்தயத் திடலை 1860களில் வரைந்தபோது, குதிரைகளை நேரெதிரே பாய்ந்துவர விட்டார். கால்கள் புழுதியும் தூரிகை வீச்சுமாகக் கரைந்துபோயின. இன்னொரு ஓவியரான தெகாவின் மனம் ஓட்டத்தைவிட, அதற்கு முந்தைய பரபரப்பையே நாடியது: அடங்க மறுக்கும் கழுத்து, சேணத்தில் சாய்ந்த ஜாக்கி. 1887இல் மைபிரிட்ஜின் பெருந்தொகுப்பு வந்த பிறகு, அதிலிருந்து குதிரைகளைப் பார்த்து வரைந்து பழகினார். மெழுகிலும் குதிரைகளை வடித்தார்.

ஜெரிக்கோவுக்காக வாதாடியவர் சிற்பி ரோதேன். பின்னங்கால்கள் உந்துவதும் முன்னங்கால்கள் எட்டுவதும் வெவ்வேறு கணங்கள். ஓவியர் இரண்டையும் ஒரே உடலில் சேர்த்ததால்தான் பார்வைக்கு ஓட்டம் கிடைக்கிறது என்றார் அவர். மைபிரிட்ஜின் படங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் ரோதேன் சொன்னது புரியும். கால் மடங்கிய அந்தக் குதிரை அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது.